கூரைக் கண்ணாடியும் நனைந்த தானியமும்



திருவண்ணாமலையில் கார் வைத்திருப்பவர்களுக்குப் பௌர்ணமி என்றால் முதலில் நினைவுக்கு வருவது, வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதுதான். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடப்பதற்கு இலட்சக்கணக்கில் மக்கள் வருவார்கள், தெருக்கள் அடைபடும். கார்த்திகை தீபம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே முதல் நாளே வண்டியை எடுத்து, வேட்டவலம் சாலைப் பக்கம் உறவினர் வீட்டு வளாகத்தில் இருக்கும் புளியமரத்தடியில் விட்டுவிடுவது எங்கள் வழக்கம். நல்ல நிழல். வெயிலில் கிடந்து சாயம் வெளுக்கக் கூடாது என்று நாங்களே விரும்பித் தேர்ந்தெடுத்த இடம் அது. பிறகு நடந்தவை எல்லாம் அந்த மரத்தடியிலிருந்து தொடங்கின என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறோம்.

எங்கள் வண்டியின் கூரையில் திறந்து மூடும் கண்ணாடி உண்டு. சன்ரூஃப் என்று எல்லோரும் சொல்வதுதான். வாங்கும்போது எங்களுக்கு அதில் பெரிய நாட்டமில்லை; பிள்ளைகள் விடவில்லை. ஓடும் வண்டியில் அதன் வழியே தலையை நீட்டக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு வாங்கினோம். அதன் பின் அந்தக் கண்ணாடியைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் சிந்தித்ததில்லை. மேலே தூசி படிந்தால் துடைப்போம், அவ்வளவே.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்து போய்விட்டது என்று எண்ணியிருந்த மறுநாள்தான் மழை எங்கள் பக்கம் திரும்பியது. மேற்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்கு 1,68,000 கனஅடி நீரைத் தென்பெண்ணையில் திறந்துவிட வேண்டியதாயிற்று. எங்கள் ஊரிலோ, டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடிவிட்டன. ஏழு உயிர்கள் போயின. அவர்களில் ஐவர் குழந்தைகள். அந்த வீட்டின் முன் நின்று பார்த்தவர்களுக்கு, ஒரு காரின் ஈரத்தைப் பற்றிப் பேசுவதே கூச்சமாகத்தான் இருக்கும். எங்களுக்கும் இருக்கிறது.

அந்த வாரம் பள்ளிவாசலில் ஹஜ்ரத் அவர்கள் நினைவூட்டிய நிகழ்வு பலருக்கும் தெரிந்ததுதான். நபி (ஸல்) அவர்கள் ஜும்ஆ உரை நிகழ்த்திக்கொண்டிருக்கையில் ஒருவர் வந்து வறட்சியை முறையிட்டார், துஆச் செய்தார்கள், மழை பொழிந்தது. அடுத்த ஜும்ஆ வரை நிற்கவில்லை. மீண்டும் ஒருவர் வந்து, உடைமைகள் அழிகின்றன என்றார். அப்போதும் அவர்கள் மழையே வேண்டாமென்று கேட்கவில்லை. எங்களைச் சுற்றிலும் பெய்யட்டும், எங்கள் மேல் வேண்டாம் என்றும், குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்கள் வளரும் இடங்களிலும் பெய்யட்டும் என்றும் கேட்டார்கள். நீருக்குப் போக்கிடம் கேட்கும் துஆ என்றே அன்று அதைப் புரிந்துகொண்டோம்.

டிசம்பர் 13 வெள்ளிக்கிழமை தீபம். பௌர்ணமியும் அதையொட்டியே வந்தது. மழைக்கு முன்பே மரத்தடிக்குப் போய்விட்ட வண்டியை, கூட்டம் கலைந்த பிறகுதான் எடுக்க முடிந்தது. இரண்டு வாரத்திற்கும் மேலாக அது பூட்டியே கிடந்தது. கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கின் வாடை அடித்தது. சீட் பெல்ட்டில் வெள்ளைப் பூஞ்சை. கண்ணாடிகளின் உட்புறம் வியர்த்திருந்தது. ஜன்னலைச் சரியாக ஏற்றாமல் விட்டிருப்போம் என்று ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டோம். கூரைத் துணியைத் தடவினோம்: காய்ந்திருந்தது. மேலே கண்ணாடியைச் சுற்றித் தடவினோம்: சொட்டு ஈரமில்லை. கதவுகளைத் திறந்து வைத்து ஒரு நாள் வெயில் காட்டினோம். தரைவிரிப்பு மொரமொரவென்று ஆயிற்று. அத்தர் துணுக்கு ஒன்றைப் பஞ்சில் நனைத்து வைத்துவிட்டு, முடிந்தது என்று எண்ணினோம்.

முடியவில்லை. இரண்டே நாளில் வாடை திரும்பியது. கதவு மூடியிருக்கையிலேயே திறந்திருப்பதாக விளக்கு எரிந்தது. ஒரு மாலை, தொடுவார் யாருமின்றி முன்பக்கக் கண்ணாடி தானாக இறங்கியது. பிள்ளைகள் ஜின் என்று சிரித்தார்கள்.

மெக்கானிக் வயதில் இளையவர், பல ஆண்டுகளாக எங்கள் வண்டியைப் பார்ப்பவர். அவர் கூரைப் பக்கமே போகவில்லை. கதவோரத்து பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி, எங்கள் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். விரிப்புக்குக் கீழே இரண்டு விரல் கனத்தில் பஞ்சு இருக்கிறது. வண்டியின் இரைச்சலை அடக்குவதற்காக வைத்தது. அதை அழுத்தியதும் விரல்களுக்கிடையே தண்ணீர் பொங்கியது. பிழிந்து பிழிந்து அரை வாளி எடுத்தார்.

"மேல தொட்டுப் பாத்துட்டு காஞ்சிடுச்சுன்னு நெனைச்சீங்க. கீழ குளமே இருக்கு பாய்," என்றார்.

அன்று அவர் விளக்கியதை எங்கள் சொற்களில் சொல்கிறோம். இந்தக் கண்ணாடி வைத்த வண்டி இப்போது நம் வீடுகள் பலவற்றில் இருக்கிறது.

சன்ரூஃப் நீர் புகாத மூடி அன்று. நாங்கள் அப்படித்தான் நம்பியிருந்தோம். அதைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் பெரும்பகுதி நீரைத் தடுக்கும். மீதி உள்ளே இறங்கத்தான் செய்யும். இறங்கும் என்று தெரிந்தேதான் வடிவமைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கும் கூரைத் துணிக்கும் இடையே சுற்றிலும் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் மூலைகளில், பெரும்பாலும் நான்கிலும், சிறு துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் சுண்டுவிரலினும் மெல்லிய குழாய் ஒன்று இறங்குகிறது. முன்னிரண்டும் முன்கண்ணாடியின் இருபக்கத் தூண்களுக்குள் புகுந்து, கதவுக் கீலின் அருகிலோ சக்கரத்தின் மேற்புறத்திலோ வெளியே வரும். பின்னிரண்டும் பின்தூண்களின் வழியே இறங்கிப் பின்சக்கரம் அல்லது பம்பர் அருகே வெளியேறும். வண்டிக்கு வண்டி இடம் சற்று மாறலாம். மழை பெய்யும்போதெல்லாம் நம் தலைக்கு மேலே நீர் சேர்ந்து, நம் தோளுக்கருகில் ஓசையின்றி இறங்கி, மண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நமக்குத் தெரிவதில்லை.

நன்னா வீட்டு முற்றத்தில் ஒரு தூம்பு இருந்தது. நாற்புறத் தாழ்வாரங்களின் நீரும் முற்றத்தில் விழுந்து, அந்த ஒரு வாய் வழியே தெருவுக்குப் போகும். ஐப்பசி பிறப்பதற்கு முன் நன்னா ஒரு மூங்கில் குச்சியோடு அதன் முன் குந்தியிருப்பார். பள்ளிவாசல் ஹவுளைக் கழுவும் நாளிலும் முதலில் பார்ப்பது நீர் வெளியேறும் வாயைத்தான். இதெல்லாம் தெரிந்து வளர்ந்த எங்களுக்கு, காருக்கும் ஒரு தூம்பு இருக்கும் என்று தோன்றவே இல்லை.

மெக்கானிக் கண்ணாடியைத் திறந்து, முன்இடது மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். கீழே ஒன்றும் வரவில்லை. ஊற்றிய நீர் மூலையிலேயே நின்றது. மரத்தடியில் தரை இடப்பக்கம் சற்றுச் சரிவு. அவ்வளவு மழையும் அந்த மூலைக்கே வந்திருக்கிறது. வழி அடைபட்டதால் வாய்க்கால் நிரம்பி, நீர் குழாய்க்குள் இறங்காமல் குழாயின் வெளிப்புறமாகத் தூணுக்குள் வழிந்து, நேரே காலடிப் பஞ்சுக்குப் போயிருக்கிறது. கூரைத் துணி நனையாமல் இருந்த இரகசியம் அதுதான்.

புல் வெட்டும் இயந்திரத்தில் சுற்றியிருக்கும் நைலான் நரம்பை அளவாக வெட்டி, முனையை நெருப்பில் காட்டி மழுக்கி, மேலிருந்து மெல்லத் திருகியபடியே விட்டார். கீழ்முனையில் வாத்தின் அலகு போல ஒட்டியிருந்த ரப்பர் வாயை விரலால் பிதுக்கினார். கறுத்த சேறு வந்தது. அதோடு புளியிலை. புளியிலையின் சிற்றிலை எவ்வளவு நுண்ணியது என்று எல்லோரும் அறிவோம். எந்த இடுக்கிலும் நுழையும். கூரைமேல் அவை கிடக்கும்போதே நாங்கள் கண்ணாடியைத் திறந்திருக்கிறோம். பின்னோக்கி நகரும் கண்ணாடி அவற்றை வழித்து நேரே வாய்க்காலில் தள்ளியிருக்கிறது. ஓராண்டுத் தூசி அவற்றோடு குழைந்து களிமண்ணாக இறுகியிருந்தது.

கம்பி விடலாமா என்று கேட்டோம். குழாய் கிழிந்துவிடும் என்றார். கம்ப்ரசர் காற்றை வேகமாக அடித்தால் குழாய் தூணுக்குள்ளேயே கழன்றுகொள்ளும். பிறகு உள்ளலங்காரம் முழுவதையும் பிரிக்க வேண்டும். பல வண்டிகளில் அந்தத் தூணையும் கூரையோரத்தையும் ஒட்டித்தான் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது. தெரியாதவர் அங்கே கைவைப்பது ஆபத்து. இவ்வளவையும் சொல்லிவிட்டு, விரிப்புக்குக் கீழே ஓடிய வயரிங்கின் கனெக்டர் ஒன்றைக் கழற்றிக் காட்டினார். செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு. தானாக இறங்கிய கண்ணாடிக்கு அதுவே காரணம். இருக்கைகளைக் கழற்றி, பஞ்சை வெளியே எடுத்துக் காயவைக்க ஆறு நாள்கள் ஆயின.

இதுவரை சொன்னது வண்டியின் கதை. எங்களைத் தூங்கவிடாமல் செய்தது வேறு.

அந்த வண்டியை விற்பதாக நவம்பரிலேயே பேசி முடித்திருந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதன் படி உயரம். ஏறி இறங்கச் சிரமப்பட்டார்கள். போளூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் வண்டியைப் பார்த்து, ஓட்டி, விலை ஒத்துக்கொண்டு, அட்வான்ஸும் கொடுத்திருந்தார். ஜனவரியில் ஒப்படைப்பதாகப் பேச்சு. புரோக்கரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் எங்கள் மேல் உண்மையான அக்கறையோடுதான் பேசினார்.

"எல்லாத்தையும் காய வெச்சு சரி பண்ணிட்டீங்க இல்ல? அப்புறம் என்ன? ஒரு ஷாம்பூ வாஷ் அடிச்சுக் குடுத்துடலாம் பாய். அவரு ஏற்கெனவே பாத்துட்டுப் போன வண்டிதானே."

கெட்ட யோசனை கெட்ட யோசனையாகவே வந்திருந்தால் எளிதாக மறுத்திருப்போம். இது நியாயத்தின் உடையில் வந்தது. கோளாறைச் சரிசெய்துவிட்டோம், செலவும் எங்களுடையது. அவர் பார்த்தபோது வண்டி நன்றாகத்தான் இருந்தது. கேட்டால் சொல்லலாம்; கேட்காததை ஏன் வலியச் சொல்ல வேண்டும்? இரண்டு மூன்று நாள்கள் எங்களுக்குள் இப்படியே பேசிக்கொண்டோம். வெட்கத்தோடு எழுதுகிறோம்: வாங்குபவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லரே என்ற எண்ணமும் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. எதற்காக எட்டிப் பார்த்தது என்று இப்போதும் தெரியவில்லை. மார்க்கத்தில் அப்படி ஒரு சலுகை கிடையாது என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களின் அத்தா, எங்கள் நன்னா, நெல் வியாபாரம் செய்தவர். மூட்டையின் வாயை அவிழ்த்துப் பார்த்து அவர் ஒருபோதும் வாங்கியதில்லையாம். குத்தூசியை அடிவயிற்றில் செருகி, வந்து விழும் மணிகளை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். மழைக்காலத்தில் மேலே காய்ந்த நெல்லும் அடியில் ஈர நெல்லும் வருவது சந்தையில் புதிதன்று.

"விக்கறப்பவும் அப்படித்தான். வாங்க வர்றவங்க கையில குத்தூசியைக் குடுத்துடுவாரு. நீயே பாத்துக்கன்னு," என்றார்கள் அம்மா. வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தக் குத்தூசி எங்கிருந்து வந்தது என்பது எங்கள் இருவருக்கும் உடனே விளங்கிவிட்டது. முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ். கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதற்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் கூறினார்கள்.

எத்தனையோ முறை பயானில் கேட்ட ஹதீஸ். அதில் நாங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருந்தது. அந்த வியாபாரி தண்ணீர் தெளித்துக் கலப்படம் செய்தவர் அல்லர். மழையில் நனைந்தது அவர் குற்றமும் அன்று. அவர் பொய்யும் சொல்லவில்லை. கேட்டதும் உண்மையைத்தான் சொன்னார். கேட்டால் சொல்லலாம் என்று நாங்கள் வகுத்திருந்த எல்லைக்குள்தான் அவரும் நின்றிருக்கிறார். ஆனாலும் அது ஏமாற்று எனப்பட்டது. மெக்கானிக் எங்கள் கையைப் பிடித்து விரிப்புக்குக் கீழே வைத்த கணம் நினைவுக்கு வந்தது. காய்ந்த மேற்பரப்பு, ஈர அடி, நடுவே ஒரு கை. இத்தனை நாளாக அதைக் காணாதது போல் இருந்திருக்கிறோம்.

பொருளின் குறையை மறைத்து விற்றால், அதை அறிந்தபின் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது ஃபிக்ஹில் தெளிவாக இருக்கிறது. எங்களுக்கு அந்த நுணுக்கம் வரை போகத் தேவைப்படவில்லை. மறுநாள் லுஹருக்குப் பின் ஆசிரியருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னோம்: எத்தனை நாள் நீர் நின்றது, எந்த கனெக்டர் மாற்றியது, இருக்கைத் தண்டவாளத்தில் துரு தொடங்கியிருப்பது. விரும்பினால் தம் மெக்கானிக்கை அழைத்துவந்து விரிப்பைத் தூக்கிப் பார்க்கலாம் என்றும் சொன்னோம்.

அவர் வந்தார். பார்த்தார். நன்றி சொன்னார். இரண்டு நாள் கழித்து, வயரிங்கில் நீர் பட்ட வண்டி வேண்டாம் என்று மனைவி சொல்வதாகக் கூறி அட்வான்ஸைத் திரும்பக் கேட்டார். கொடுத்துவிட்டோம். உண்மை சொன்னால் வியாபாரத்தில் பரக்கத் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறதே, வண்டி விற்கவில்லையே என்று பிள்ளைகள் கேட்டார்கள். பதில் சொல்ல முயன்று திணறினோம். புரோக்கர் இரண்டு மாதம் எங்களோடு சரியாகப் பேசவில்லை. அவருடைய கமிஷனும் போயிற்றே. காப்பீட்டில் கேட்கலாம் என்றார்கள் சிலர். வெள்ளம் புகுந்ததற்குத் தருவார்கள். அடைப்பை எடுக்காமல் விட்டதற்குக் கேட்பதில் எங்களுக்கு மனமில்லை.

ஆக, வண்டி எங்களிடமே இருக்கிறது. அம்மா ஏறுவதற்கு ஒரு சிறு மரப்பலகை செய்து பின்னிருக்கைக்குக் கீழே வைத்திருக்கிறோம். நிறுத்துமிடத்தை மாற்றவில்லை, இந்த ஊரில் வேறு நிழல் எங்கே கிடைக்கும்? மரத்தடியில் விட்டால், திறப்பதற்கு முன் கூரையைத் துணியால் வழித்துவிடுகிறோம். அதைச் செய்யாமல் பொத்தானை அமுக்கப் பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. வேம்பும் புளியும் இலை உதிர்த்து ஓயும் பங்குனியில் ஒரு முறையும், புரட்டாசியில் ஒரு முறையும் நான்கு மூலைகளையும் பார்க்கிறோம். நடுவில் பெருமழை வந்தால் அதற்குப் பின்னும் ஒரு தடவை. வாய்க்காலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒளுச் செய்யும் செம்பால் ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இளையவன் சக்கரத்தருகே குந்திக்கொண்டு "வருது, வருது" என்று கத்துவான். கால் நாழிகைக்குமேல் பிடிப்பதில்லை.

போன முறை மூன்று மூலைகளிலும் உடனே வந்தது. பின்வலது மட்டும் சற்று யோசித்துவிட்டுத்தான் சொட்டியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அந்த நைலான் நரம்பை அதிலும் ஒரு முறை விட்டுப் பார்க்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.